நிலைப்படிக்கு வெளியே

மாலை ஐந்து பத்து. டிசம்பர் மாதம். கீலுங் துறைமுகத்துக்குப் பின்னால் மலைமேல் ஏறும் சாலையில் அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. பேருந்து கீழேயே திரும்பிவிடும். மேலே போக இருநூற்றுச் சொச்சம் படிகள். ஒரு பக்கம் பாசி பிடித்த மதில், இன்னொரு பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகள். மழை... அந்த ஊரில் அது நின்றால்தான் செய்தி.

கெ ஜூ-யின் ஒரு கையில் குடையும் மறு கையில் கோழிக்கால் வைத்த சாப்பாட்டுப் பெட்டியுமாக ஏறிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கதவைச் சாத்திவிடுங்கள், காற்று வருகிறது. ஆமாம், இந்த ஜூ-யின் நம் பெயின்டர் ஆ-சுவானின் அக்காவேதான். நம்மைப் போல நீதிமன்ற ஏலத்தில் வீடு வாங்கி விற்கிறவள். பதினோரு வருடத் தொழில். இந்தக் கதையை அவள் தம்பியிடம் ஒரு முறை சொன்னாள். அவனும் என்னிடம் ஒரு முறைதான் சொன்னான்.

ஏல வீட்டை உள்ளே போய்ப் பார்த்து வாங்க முடியாது. பூட்டை உடைத்துத் திறக்கும்போதுதான் தெரியும். வெளியேறியவன் கோபத்தில் கழிவறைக் குழாயில் சிமென்ட் கரைத்து ஊற்றியிருப்பான். மின்கம்பியைச் சுவரோடு பிடுங்கியிருப்பான். ஜூ-யின் எல்லாம் பார்த்தவள். முந்தைய வருடம் வாங்கிய வீடு கடல்மணல் கலந்த கான்கிரீட். சமையலறைக் கூரை ஒரு நாள் காலையில் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. அதில் கைமுதல் எல்லாம் போயிற்று.

அதனால்தான் இந்த மலைவீட்டை எடுத்தாள். லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் நான்காம் மாடி. விலை மூன்றில் ஒரு பங்கு குறைவு. காரணம், ஏலத் தாளின் கடைசி வரி: வீட்டை நீதிமன்றம் காலி செய்து தராது. உள்ளே இருப்பவரை வாங்குகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே இருந்தவர் ஷாவ் என்ற கிழவர். எண்பத்து மூன்று வயது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். மகனின் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார். மகன் காணாமல் போனான், வீடு ஏலத்துக்கு வந்தது.

ஜூ-யின் பணத்துக்கு அடகு வைத்தது அவள் அம்மாவின் வீட்டை. ஆறு மாதத்துக்குள் மலைவீடு விற்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மா வீடு வங்கிக்குப் போய்விடும். அம்மா அப்போதே ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். மகளிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரியில சாக விட்டுடாதடி. மூச்சு இருக்கறப்பவே வீட்டுக்குக் கொண்டு வந்துடு. ஹால்ல பலகை போட்டுப் படுக்க வை. வெளியில போச்சுன்னா உள்ள விட மாட்டாங்க."

நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியே இறந்தவரை வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை. அதனால்தான் ஆம்புலன்ஸ்காரர்கள் மூச்சு கொடுக்கும் ஊதுபையை அழுத்திக்கொண்டே வாசல்வரை ஓடுகிறார்கள்.

கிழவர் கேட்டதும் அதேதான்.

வாரம் இரண்டு முறை சாப்பாட்டோடு போய் அவரிடம் பேசுவாள். வீடு மாறும் செலவு தருகிறேன், நல்ல முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறேன் என்பாள். அவர் பொறுமையாக எலும்பைச் சப்பிவிட்டுச் சொல்வார்:

"கோழிக்கால் நல்லாருக்கு. வீடு தர மாட்டேன். நாளைக்குப் பன்னிக்கால் கொண்டு வா, அப்பவும் தர மாட்டேன்."

"பெரியப்பா, சட்டப்படி இது என் வீடு."

"உன் வீடுதான் பொண்ணே. நான் இல்லன்னா சொன்னேன்? இன்னும் எத்தன நாளு... இந்த ஹால்ல மூச்சை விட்டுட்டுப் போறேன். அப்புறம் உனக்குத் தொந்தரவே இல்ல."

வயதாகித் தானாக அடங்கினால் சரி, வேறு மாதிரி போனால்தான் தொந்தரவு. விற்கும்போது நிரப்பும் தாளில் ஒரு கேள்வி உண்டு. இந்த வீட்டுக்குள் யாராவது இயற்கையல்லாத முறையில் இறந்திருக்கிறார்களா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள். 'ஆம்' என்பதில் குறி விழுந்தால் விலை பாதி. வங்கி கடன் தராது. 'வீட்டுக்குள்' என்பது எதுவரை என்று நம் ஆட்களுக்கு அங்குலக் கணக்கில் தெரியும். வாசல் நிலைப்படிவரை. அதற்கு வெளியே மாடிப்படி. மாடிப்படி யார் வீடும் இல்லை.

அன்று மாலை ஐந்து பத்துக்குக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே குழாய் ஓடும் சத்தம். ஒரே சீராக... நிறுத்துவார் இல்லாத சத்தம். தலைவலித் தைலத்தின் வாசனை, வெள்ளைப்பூ தைலம், கிழவர் எப்போதும் நெற்றியில் தடவிக்கொள்வது. அதோடு இன்னொரு வாசனை, ஈர இரும்பு போல.

குளியலறைத் தரையில் கிடந்தார். ஒரு செருப்பு காலில், ஒரு செருப்பு வடிகால் மேல். தலைக்குக் கீழே தண்ணீர் இளஞ்சிவப்பாக ஓடியது. கண் திறந்திருந்தது. அவளைத் தெரிந்தது அவருக்கு. மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஹால்ல..." என்றார். "ஹால்ல படுக்க வை."

குளியலறையிலிருந்து ஹால் ஐந்து அடி. ஹாலிலிருந்து வாசல் பன்னிரண்டு அடி.

தலையில் அடிபட்ட சாவு. 'ஆம்' என்ற கட்டம்.

ஜூ-யின் குழாயை மூடினாள். அவர் அக்குளுக்குக் கீழே கை கொடுத்து இழுத்தாள். ஹாலுக்கு வந்தார்கள். கிழவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை அவள் பார்த்தாள். நிற்கவில்லை. சோபா கடந்தது. சுவர்க் காலண்டர் கடந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. இரும்பு நிலைப்படியில் குதிகால்கள் இடித்தன... டக். டக்.

படிக்கட்டில் கிடத்தித் தலைக்கு அட்டைப்பெட்டியை மடித்து வைத்த பிறகுதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மலைக்கு வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

இருபது நிமிடம் தேவைப்படவில்லை. கடைசியில் அவர் வாசல் பக்கமாகப் புரண்டு ஊர்ந்து, கையை நீட்டி, நிலைப்படியை உள்பக்கமாகப் பிடித்துக்கொண்டார். நான்கு விரல்கள், இரும்பின் விளிம்புக்கு அந்தப் பக்கம். அப்படியே அடங்கினார்.

அந்த விரல்கள் உள்ளே இருக்கக் கூடாது. ஜூ-யின் ஆள்காட்டி விரலில் தொடங்கினாள். அசையவில்லை. பிறகு சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தாள். அது வந்தது. அது வந்ததும் அடுத்தது வந்தது... ஒவ்வொன்றாக.

மூன்றாம் மாடியில் ஒரு கதவு மெல்லச் சாத்தப்பட்டது போல இருந்தது.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் உள்ளே தரையைத் துடைத்துவிட்டாள். படியில் வழுக்கி விழுந்திருக்கிறார் என்று போலீஸிடம் சொன்னாள். உடம்பெல்லாம் ஏன் ஈரம் என்று கேட்டார்கள். கீலுங்கில் அது ஒரு கேள்வியா? மழை என்றாள். எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆ-சுவான் வர்ணப் பெட்டிகளோடு வந்தான். நடந்தது எதுவும் அப்போது அவனுக்குத் தெரியாது. உள்ளே சுவரைத் தொட்டுப் பார்த்து ஆச்சரியப்பட்டான். டிசம்பரில் அந்த ஊரில் அலமாரிக்குள் வைத்த சட்டை பூஞ்சை பிடிக்கும். இந்த வீடு காய்ந்து கிடந்தது. காலையில் அடித்த வர்ணம் மதியம் காய்ந்தது.

"அதிர்ஷ்டம்தான் அக்கா," என்றான்.

அன்று மாலையே கீழ் வீட்டுப் பெங் அம்மாள் படியேறி வந்தாள். இரவுச் சந்தையில் மீன் உருண்டை விற்கிறவள், கை எப்போதும் மீன் நாறும்.

"வீட்டுக்கார அம்மா, உன் தண்ணி என் செருப்பை அடிச்சுக்கிட்டுப் போகுது. கொஞ்சம் எட்டிப் பாரு."

படிக்கட்டில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுத்தமான தண்ணீர், விரல் தடிமனுக்கு. நான்காம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்கு, படிப்படியாக. அரை மணி நேரத்தில் நின்றது. மறுநாளும் அதே நேரம், ஐந்து பத்துக்கு, மறுபடி வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. மணி பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பிளம்பர் வந்தார். குளியலறையில் சிவப்புச் சாயம் கரைத்து ஊற்றினார், படியில் சிவப்பு வரவில்லை. வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் குழாயை மூடினார். மீட்டர் முள் அசையவில்லை. தண்ணீர் இறங்கியது. மொட்டைமாடி, சுவர், மேல் வீடு எல்லாம் தட்டிப் பார்த்தார். கடைசியில் டார்ச் லைட்டோடு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை.

"எங்கேருந்து வருது?" என்றாள் ஜூ-யின்.

"நிலைப்படிக்கு வெளிய, இந்தப் பக்கத்துலருந்து வருது அக்கா. அந்தப் பக்கம் ஒரு சொட்டு இல்ல." எழுந்து கையைத் துடைத்தார். "மழைன்னு பேரு வச்சு விட்டுடுங்க. எனக்குக் கூலி வேணாம்."

அவர் கூலி வேண்டாம் என்றதுதான் அவளை உலுக்கியது.

கதவின் வெளிப்பக்கம் கீழே, படுத்திருக்கும் ஆளின் கை எட்டும் உயரத்தில் வர்ணம் உப்பியது. ஆ-சுவான் சுரண்டிவிட்டுத் துருத்தடுப்பு அடித்தான். மறுநாள் மறுபடி உப்பியது. இரும்பு நிலைப்படியைப் பெயர்த்துக் கருங்கல் வைத்தார்கள். நான்காம் நாள் அந்தக் கல்லின் விளிம்பில் நான்கு வெளிறிய தடங்கள்... பக்கத்துப் பக்கத்தில்.

வீடு பார்க்க வந்தவர்கள் படியிலேயே திரும்பினார்கள். ஒழுகும் கட்டடத்தை யார் வாங்குவார்கள்? ஜனவரி போயிற்று. பிப்ரவரி பாதி போயிற்று. வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஒரு நாள் பெங் அம்மாள் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னாள்:

"நான் போலீஸ்கிட்ட ஒண்ணும் சொல்லல. எனக்கெதுக்கு. ஆனா அன்னிக்குக் கதவு இடுக்குல பாத்தேன்." கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டாள். "கிழவனைக் கூப்பிடு. பேரைச் சொல்லி, உள்ள வாங்கன்னு கூப்பிட்டு ஹால்ல பலகை போடு. ஒரு ராத்திரி போதும். படுத்துட்டுப் போயிடுவான்."

"கூப்பிட்டா?"

"கூப்பிட்டா உள்ள வந்து செத்தவன் ஆயிடுவான். அதானே உன் கஷ்டம்?"

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பதி வருவதாக இருந்தது. தைபேயிலிருந்து, கடல் தெரியும் வீடு வேண்டும் என்று. முன்பணம் தயாராக வைத்திருந்தார்கள். ஜூ-யின் இரண்டு நாள் யோசித்தாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஏறிப் போனாள். வாசலுக்கு வெளியே ஒரு முக்காலி போட்டாள். கோழிக்கால், சோறு, மூன்று கிண்ணம் அரிசிக் கள், ஊதுபத்தி. கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

தண்ணீர் வரத் தொடங்கியது. முக்காலிக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது. தைல வாசனை.

"பெரியப்பா," என்றாள். "நாளைக்கு இந்த வீடு வேற ஆளுக்குப் போகுது. அவங்க பாவம், ஒண்ணும் தெரியாது. இந்தப் படியில நிக்காதீங்க. உங்களுக்கு என்ன வேணும்னாலும் எங்கிட்ட வந்து கேளுங்க. நான் கெ ஜூ-யின். துறைமுகத்துக்குத் தெற்கே, நாலாம் சந்து, பதினேழாம் நம்பர் வீடு."

நாமும் அப்படித்தான் சொல்வோம். விற்பனை ஒப்பந்தத்தில் ஆறு மாதம் ஒழுகல் பொறுப்பு விற்றவருடையது. புகார் வந்தால் எங்கே வர வேண்டும் என்று வீட்டு விலாசம் எழுதிக் கொடுக்கிறோம். அவள் நாக்கு அந்தப் பழக்கத்தில் ஓடிற்று. அது அம்மா வீட்டு விலாசம், அவளும் ஆ-சுவானும் இருப்பது அங்கேதான்.

இரண்டு பத்து யுவான் நாணயங்களைக் கையில் குலுக்கித் தரையில் போட்டாள். ஒன்று தலை, ஒன்று பூ; அப்படி விழுந்தால் இறந்தவர் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். சம்மதம். உறுதிக்கு இன்னொரு முறை போட்டாள். சம்மதம். மூன்றாவது முறை போட்டபோது ஒரு நாணயம் தண்ணீரில் நின்றபடி சுழன்றது... வெகுநேரம். பிறகு விழுந்தது. சம்மதம்.

தண்ணீர் நின்றது. பத்தி எரிந்து முடிவதற்குள் படி காய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பதி வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு காய்ந்த வீட்டைக் கீலுங்கில் பார்த்ததில்லை என்றாள் மனைவி. ஜூ-யின் தாளில் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டாள். எழுத்துப்படி அது பொய்யில்லை. மார்ச் முதல் வாரம் பணம் வந்தது. அம்மா வீட்டுப் பத்திரம் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. அன்றிரவு அக்காவும் தம்பியும் நண்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஏப்ரல் பதினொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். கொண்டுபோவதாக இருந்தால் இன்றே கொண்டுபோய்விடுங்கள் என்றார் டாக்டர்.

ஆ-சுவான் மதியமே வீட்டுக்குப் போய் ஹாலைக் காலி செய்தான். இரண்டு பெஞ்சுமேல் பலகை போட்டு வெள்ளை விரிப்பு விரித்தான். தலையணை வைத்தான். கதவைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஒன்பது நாளாக மழை இல்லை. இதை அவன் சொல்லும்போது இரண்டு முறை சொன்னான். ஒன்பது நாளாக மழை இல்லை.

ஆம்புலன்ஸ் நாலாம் சந்தில் நுழைந்தது. அம்மாவின் கண் திறந்திருந்தது. நர்ஸ் ஊதுபையை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"வீடு வந்தாச்சும்மா," என்றாள் ஜூ-யின்.

அம்மா தலையசைத்தாள். அவளுக்குத் தெரிந்தது.

பதினேழாம் எண். பழைய வீடு, மரக்கதவு, கல் நிலைப்படி. சாவி திரும்பியது. கதவு அசையவில்லை. ஆ-சுவான் தள்ளினான். தோளால் இடித்தான். கீழ்ப்பலகை ஊறி உப்பியிருந்தது, மதியம் காய்ந்திருந்த பலகை. விளிம்பில் தண்ணீர் கசிந்தது. ஸ்ட்ரெச்சரை நிலைப்படியை ஒட்டித் தாழ்வாரத்தில் இறக்கி வைத்துவிட்டு ஆம்புலன்ஸ்காரரும் வந்து தோள் கொடுத்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்றார். "தண்ணி ஓடற சத்தம் கேக்குதே."

எல்லோருக்கும் கேட்டது. குழாய் ஓடும் சத்தம், ஒரே சீராக. அது நின்றது. பிறகு நடை... ஒரு செருப்பும் ஒரு வெறுங்காலும். சப். தத். சப். தத். ஹால்வரை வந்தது. பிறகு பலகை முனகியது, ஒரு ஆள் பாரத்தை அதன்மேல் இறக்கினது போல.

தைல வாசனை கதவிடுக்கில் வந்தது. ஜூ-யின் கதவைத் தட்டவில்லை. இரண்டு கையையும் கதவில் வைத்து நின்றாள். தம்பிக்கு மட்டும் கேட்கும்படி அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரியப்பா... இன்னிக்கு வேணாம். பெரியப்பா, இன்னிக்கு மட்டும்..."

பின்னால் நர்ஸ் அம்மாவின் முகத்திலிருந்து ஊதுபையை எடுத்துவிட்டாள். மணி பார்த்தாள்.

"ஐந்து பத்து," என்றாள்.

கதவு தானாகத் திறந்தது. ஒரு பிடிமானமும் இல்லாமல், லேசாக.

ஹாலில் யாரும் இல்லை. நிலைப்படியிலிருந்து குளியலறைக்கு ஈரத் தடங்கள். குளியலறையிலிருந்து பலகைக்கு ஈரத் தடங்கள். பலகையிலிருந்து எங்கும் போகவில்லை. வெள்ளை விரிப்பில் தலை, தோள், முதுகு, இரண்டு குதிகால்... அந்த உருவத்துக்கு மட்டும் ஈரம். தலையணை இளஞ்சிவப்பு.

அம்மாவை இனி உள்ளே எடுத்துப் போக முடியாது. ஆம்புலன்ஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார். வரவில்லை. எதிலோ மாட்டியிருந்தது.

அம்மாவின் கை கீழே தொங்கி, நிலைப்படியை உள்பக்கமாகப் பிடித்திருந்தது.

ஆ-சுவான் மண்டியிட்டு ஆள்காட்டி விரலை விலக்கப் பார்த்தான். அசையவில்லை.

"நகருடா," என்றாள் ஜூ-யின்.

அவள் குனிந்தாள். சுண்டுவிரலில் தொடங்கினாள். அது வந்தது. அடுத்தது வந்தது. யோசிக்காமல், ஒவ்வொன்றாக, பழகின கை போல.

"இத எங்கக்கா கத்துக்கிட்ட?" என்றான் ஆ-சுவான்.

உள்ளே பலகை இன்னொரு முறை முனகியது... யாரோ வசதியாகத் திரும்பிப் படுத்தது போல.